ஃபேன்டஸி ஃபுட்பால் ஆட ஆரம்பிச்சா மேட்ச் பாக்குற கண்ணு எப்படி மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் மினி லீக் (நண்பர்களுக்குள்ள நடத்துற குட்டி லீக்) கோடு அனுப்புன உடனே புதுசா சேர்றவங்க கேக்குற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட இதேதான். தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிச்சிருச்சு, அதான் ஒரே இடத்துல போட்டுட்டேன். நான் பன்னெண்டு சீசனா ஆடுறேன், ஒரு தடவைகூட டாப் 1 லட்சத்துக்குள்ள வந்ததில்ல, அதனால எப்படி ஜெயிக்கிறதுன்னு என்கிட்ட கேக்காதீங்க. இதை ஆடுறவன் மேட்ச் பாக்க உக்காந்தா அவனுக்குள்ள என்ன நடக்குதுன்னு கேளுங்க, அதுல எனக்கு நல்ல அனுபவம் இருக்கு.

முதல்ல, ஃபேன்டஸி ஃபுட்பால்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

நிஜத்துல ஆடுற பிளேயர்களை வெச்சு நீங்க கற்பனையா ஒரு டீம் கட்டுறீங்க, அவங்க நிஜ மேட்ச்ல பண்றதுக்கு உங்களுக்குப் பாயின்ட். அவ்ளோதான். நான் இங்க பெரும்பாலும் பேசப்போறது இங்கிலீஷ் பிரீமியர் லீக்கோட அஃபிஷியல் கேம் பத்தி, எஃப்.பி.எல்-னு சொல்லுவோம். 100 மில்லியன் பவுண்டு கற்பனைக் காசு குடுப்பாங்க, அதுல 15 பேர் எடுக்கணும்: 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. ஒரே கிளப்ல இருந்து 3 பேருக்கு மேல கிடையாது. வாரம் 11 பேரை இறக்கணும், ஒருத்தரை கேப்டன் ஆக்குனா அவர் பாயின்ட் டபுள். வாரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் ஃப்ரீ, அதுக்கு மேல மாத்துனா ஒவ்வொண்ணுக்கும் 4 பாயின்ட் போகும், அதை 'ஹிட்' எடுக்குறதுன்னு சொல்லுவோம். 38 வாரம். ஆட காசு கிடையாது. 1 கோடிக்கு மேல ஆளுங்க ஆடுறாங்க.

இதை யாரு கண்டுபிடிச்சது?

இது அமெரிக்கன் ஃபுட்பால்ல இருந்து வந்தது, பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம். 1962-ல ஓக்லேண்ட் ரெய்டர்ஸ் டீம்ல ஒரு பங்குதாரரா இருந்த பில் விங்கன்பாக், டீம் டூர்ல நியூயார்க் போயிருந்தப்போ ஹோட்டல்ல ஒரு பத்திரிகைக்காரரும் டீம் ஆளுங்களும் கூட உக்காந்து ரூல்ஸ் எழுதுனார், அடுத்த வருஷம் 1963-ல எட்டு பேர் சேந்து முதல் டிராஃப்ட் (முறை வெச்சு ஒவ்வொருத்தரா பிளேயரை எடுக்குறது) நடத்துனாங்க. முதல் ஆளா எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. பாயின்ட் எல்லாம் கையாலதான் கூட்டணும். அதனால ரொம்ப வருஷம் இது ஒரு சின்னக் கூட்டத்தோட கிறுக்குத்தனமாவே இருந்துச்சு.

இங்கிலாந்துல 1991-ல ஆண்ட்ரூ வெய்ன்ஸ்டீன் கால்பந்துக்கு இதைக் கொண்டுவந்தார், 1994 வாக்குல பேப்பர், டிவின்னு பரவுச்சு, இத்தாலியில ஃபான்டகால்சியோன்னு தனியா ஒண்ணு அதே காலத்துல வளந்துச்சு. பிரீமியர் லீக்கோட அஃபிஷியல் கேம் 2002-03 சீசன்ல வந்தது. ஆனா விஷயம் சூடு பிடிச்சது இன்டர்நெட்டால, கணக்கு போடுற வேலையை கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு, இல்லன்னா மூணாவது வாரமே எல்லாரும் விட்டிருப்பாங்க.

மேட்ச் பாக்குறது நிஜமாவே மாறுதா, இல்ல சும்மா சொல்றீங்களா?

மாறுது, முதல் வாரத்துலேயே மாறுது. ஃபேன்டஸி இல்லாதவன் பந்தைப் பாப்பான், ஃபேன்டஸி ஆடுறவன் ஆளைப் பாப்பான். பந்து லெஃப்ட் விங்ல இருக்கும், என் கண்ணு ரைட் பேக் எங்க நிக்கிறான்னு தேடிட்டு இருக்கும், ஏன்னா அவன் என் டீம்ல இருக்கான். கோல் விழும், ஸ்டேடியமே குதிக்கும், நான் மட்டும் 'அசிஸ்ட் யாரு, அசிஸ்ட் யாரு, ரீப்ளே போடுங்கடா'ன்னு (கோலுக்குக் கடைசி பாஸ் குடுத்தது யாருன்னு) கத்திட்டு இருப்பேன், கோல் எவ்ளோ அழகா இருந்துச்சுன்னு எனக்கு ரெண்டாவது ரீப்ளேலதான் தெரியும். வி.ஏ.ஆர் செக் (வீடியோ பாத்து கோல் செல்லுமான்னு சரிபாக்குறது) போச்சுன்னா கேக்கவே வேணாம், கொண்டாடவும் முடியாது அழவும் முடியாது.

நல்ல பக்கமும் இருக்கு. முன்னாடி எனக்கு என் கிளப் மேட்ச், அப்புறம் பெரிய கிளப் மோதுற மேட்ச், அவ்ளோதான் உலகம். இப்போ போர்ன்மத்தும் ஃபுல்ஹாமும் ஆடுற மேட்ச்சை முழுசா உக்காந்து பாக்குறேன், சத்தியமா. சின்ன கிளப்ல பெனால்டி யார் எடுப்பான், கார்னர் யார் எடுப்பான், ரெண்டாவது சாய்ஸ் லெஃப்ட் பேக் யாருன்னு எல்லாம் வாய்ல நிக்குது. இருபது கிளப்பும் ஒரே லீக்ல ஆடுதுங்கிறதே எனக்கு ஃபேன்டஸி வந்தப்புறம்தான் உறைச்சுதுன்னு சொல்லலாம்.

அப்புறம் 0-0 மேட்ச். வெளியில இருந்து பாத்தா தூக்கம் வர்ற மேட்ச். ஆனா டிஃபெண்டருக்கும் கீப்பருக்கும் கிளீன் ஷீட், அதாவது கோலே விடலன்னா, 4 பாயின்ட். உங்ககிட்ட அந்த டீம்ல ரெண்டு டிஃபெண்டர் இருந்தா 80-வது நிமிஷத்துக்கு மேல அது திகில் படம். ஒவ்வொரு கார்னருக்கும் நெஞ்சு அடிக்கும். 93-வது நிமிஷத்துல ஒரு கோல் விழுந்துச்சுன்னா எட்டு பாயின்ட் ஒரே செகண்ட்ல காலி, பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்கு நீங்க ஏன் தலையில கை வெச்சிருக்கீங்கன்னே புரியாது, ரெண்டுமே உங்க டீம் இல்லையேன்னு கேப்பாங்க.

61-வது நிமிஷம்னு ஏதோ பேசிக்கிறீங்களே, அது என்ன?

ஆ, இது நல்ல கேள்வி, இதைப் புரிஞ்சிக்கிட்டா பாதி நோயைப் புரிஞ்சிக்கிட்ட மாதிரி. ஒரு பிளேயர் 60 நிமிஷம் ஆடுனா 2 பாயின்ட், அதுக்குக் கம்மின்னா 1. டிஃபெண்டருக்கு கிளீன் ஷீட் கிடைக்கணும்னாலும் 60 நிமிஷம் ஆடியிருக்கணும், அதுக்கப்புறம் அவரை வெளிய எடுத்துட்டா பின்னாடி எத்தனை கோல் விழுந்தாலும் அவர் பாயின்ட் பத்திரம். அதனால என் டிஃபெண்டர் டீம் 0-0-ல இருக்கும்போது 61-வது நிமிஷத்துல அவர் காலைப் பிடிச்சிட்டு உக்காந்தா (சீரியஸா இல்ல, லேசா) எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. அதே 58-வது நிமிஷத்துல உக்காந்தா 'எந்திரிடா ரெண்டு நிமிஷம் நடடா போதும்'. நல்லா ஆடுறவனை வெளிய எடுங்கன்னு கோச்சுக்கு மனசுல மெசேஜ் அனுப்புற ரசிகன் உலகத்துல வேற எந்த ஆட்டத்துல இருக்கான்?

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. உங்க 11 பேர்ல ஒருத்தர் ஒரு நிமிஷம்கூட ஆடலன்னா பெஞ்ச்ல இருக்கவர் பாயின்ட் தானா உள்ள வரும். அவர் 88-வது நிமிஷத்துல சப்ஸ்டிட்யூட்டா வந்துட்டா? 1 பாயின்ட், பெஞ்ச்ல 12 பாயின்ட் எடுத்தவன் பெஞ்ச்லயே இருப்பான். அதனால பல கோடி ரூபா குடுத்து வாங்குன ஒரு உலகத்தரம் வாய்ந்த ஃபார்வர்டு டச்லைன்ல டிராக் சூட் கழட்டுறப்போ நான் டிவியைப் பாத்து 'வராத, வராத, உக்காருடா'ன்னு கெஞ்சிட்டு இருப்பேன். அவன் ரசிகன் நான். அவனை டீம்ல எடுத்ததே நான்.

என் கிளப்புக்கு எதிரா ஆடுறவனை கேப்டன் போடலாமா?

இதுக்கு எங்க லீக்லயே ரெண்டு கட்சி. ஒரு கட்சி ஜென்ம விரோதி கிளப் பிளேயர் ஒருத்தனைக்கூட தொட மாட்டாங்க, பாயின்ட் போனாலும் பரவால்லன்னு கொள்கையோட இருப்பாங்க, சீசன் முடிவுல பதினாலாவது இடத்துல கொள்கையோட இருப்பாங்க.

நான் மான்செஸ்டர் யுனைடெட். 2022 அக்டோபர் 2, மான்செஸ்டர் டெர்பி, அதாவது யுனைடெட்டும் அதே ஊர் மான்செஸ்டர் சிட்டியும் மோதுற மேட்ச். அந்த சீசன் ஹாலண்ட்ங்கிற ஃபார்வர்டு சிட்டிக்கு வந்த முதல் சீசன், வாரா வாரம் கோல். நான் வெள்ளிக்கிழமையில இருந்து யோசிச்சு யோசிச்சு கடைசியில ஹாலண்டையே கேப்டன் போட்டுட்டேன், 'எப்படியும் அடிக்கத்தான் போறான், அடிச்சா எனக்கு ஆறுதலாவது இருக்கும், அடிக்கலன்னா யுனைடெட்டுக்கு நல்லது, ரெண்டு பக்கமும் எனக்கு லாபம்'னு பெரிய புத்திசாலி மாதிரி. ஹாஃப் டைம்ல 4-0. மேட்ச் முடிஞ்சப்போ 6-3. ஹாலண்ட் ஹாட்ரிக், ரெண்டு அசிஸ்ட், போனஸ் எல்லாம் சேத்து 23 பாயின்ட், கேப்டன்ங்கிறதால எனக்கு 46. மினி லீக்ல மேல ஏறிட்டேன். அந்த வாரம் பச்சை அம்பு (ரேங்க் ஏறுனா கேம்ல காட்டுற அடையாளம்) வந்தும் வாய்ல ருசியே இல்ல.

ஒண்ணு சொல்றேன், மூணாவது கோலுக்கு நான் 'யெஸ்'னு சொல்லிட்டேன். சத்தமா. கூட இருந்த மச்சான் திரும்பி என்னைப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. 'ரெண்டு பக்கமும் லாபம்'ங்கிறது கணக்குல சரி, மனசுல ரெண்டு பக்கமும் பாதி பாதிதான் கிடைக்குது, தோத்தா முழுசா வலிக்காது, ஜெயிச்சா முழுசா சந்தோஷப்பட முடியாது. முழு வலியும் வேணும்னு நினைக்கிறவங்க எதிரி கிளப் ஆளை எடுக்காதீங்க. நான் இன்னும் எடுக்குறேன்.

பாயின்ட் கிடைக்கிற விஷயத்தை மட்டும்தான் கண்ணு பாக்குமா? அப்போ ஆட்டத்தைப் பத்தின புரிதல் தப்பாயிடாதா?

ஆகும். எனக்கு இந்தக் கேம்ல இருக்கிற பெரிய குறையே இதுதான். எதை எண்ணுறாங்களோ அது தெரியும், எண்ணாதது கண்ணுக்கே தெரியாது. டிஃபென்ஸுக்கு முன்னாடி நின்னு முழு மேட்ச்சையும் ஓட்டுற ஒரு மிட்ஃபீல்டர், பாஸ் குடுத்துட்டு அடுத்த பாஸுக்கு இடம் பண்ணிக் குடுக்குறவர், பல வருஷம் இவங்கெல்லாம் ஃபேன்டஸியில ரெண்டு பாயின்ட் ஆசாமிங்க. 'அவனா, வேஸ்ட்'னு வாய்கூசாம சொல்லுவோம். அவர் நிஜ டீம்ல இல்லாத வாரம் அந்த டீமே கலைஞ்சு போகும், அப்பவும் நமக்குத் தோணாது.

2025-26-ல ரூலை மாத்துனாங்க. டிஃபெண்டர் ஒரு மேட்ச்ல கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள்னு தடுக்குற வேலை எல்லாம் சேத்து 10 பண்ணா 2 பாயின்ட். மிட்ஃபீல்டர், ஃபார்வர்டுக்கு பந்தை மீட்டெடுக்குறதையும் சேத்து 12. 'டெஃப்கான்'னு செல்லப் பேரு வெச்சாச்சு. அவ்ளோதான், ஒரே ராத்திரியில எங்க குரூப்ல எல்லாரும் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரோட ரசிகர் ஆயிட்டாங்க. 'எத்தனை ஆச்சு, பதினொண்ணா, இன்னும் ஒண்ணு'ன்னு 85-வது நிமிஷத்துல எண்ணிட்டு இருக்காங்க. அந்த ஆள் அதுக்கு முந்தின வருஷமும் அதேதான் ஆடுனான். நாமதான் பாக்கல.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019-20-ல ஷெஃபீல்ட் யுனைடெட் கீழ் லீக்ல இருந்து பிரீமியர் லீக்குக்கு மேல வந்த புதுசு, அதுல ஜான் லண்ட்ஸ்ட்ராம்னு ஒருத்தர், கேம்ல அவரை டிஃபெண்டர்னு போட்டு 4.0-ங்கிற அடிமட்ட விலை வெச்சிருந்தாங்க, ஆனா ஆள் ஆடுனது மிட்ஃபீல்டுல. சும்மா பெஞ்ச்சை நிரப்ப எடுத்த ஆளு கோல் அடிக்க ஆரம்பிச்சார். நவம்பர்ல பர்ன்லிக்கு எதிரா 3-0, அவர் மட்டும் ரெண்டு கோல், கிளீன் ஷீட் வேற, 21 பாயின்ட். 'லார்ட் லண்ட்ஸ்ட்ராம்'னு பட்டமே குடுத்தாச்சு. ஷெஃபீல்ட் எங்க இருக்குன்னு மேப்ல காட்டத் தெரியாதவங்க எல்லாம் அந்த டீம் மேட்ச்சை லைவா பாத்தாங்க, பாத்ததுல அந்த டீமோட சென்டர் பேக் ரெண்டு பேரு விங்ல ஏறிப் போற விசித்திரமான சிஸ்டத்தையும் சேத்துப் பாத்தாங்க. ஒரு தப்பான லேபிளால ஒரு நல்ல டீமைத் தெரிஞ்சிக்கிட்டோம்.

என்கிட்ட இல்லாத பிளேயர் கோல் அடிச்சா ஏன் இவ்ளோ கோவம் வருது?

ஏன்னா அடுத்தவன்கிட்ட இருக்கான். 2022-23-ல ஹாலண்ட் 36 கோல் அடிச்சு பிரீமியர் லீக் ரெக்கார்டு போட்டார், ஒரு கட்டத்துல 80 சதவீதத்துக்கு மேல ஆளுங்ககிட்ட அவர் இருந்தார். எல்லார்கிட்டயும் இருக்கவன் கோல் அடிச்சா உங்களுக்கு லாபம் எதுவும் இல்ல, எல்லாருமே சேந்து மேல போறோம், நின்ன இடத்துலயேதான் நிக்கிறோம். அவனை எடுக்காத ஆளு மட்டும் கீழ போறான். அதனால அவனை எடுக்குறது ஆசைக்காக இல்ல, பயத்துக்காக. இதுக்கு 'ஷீல்டு'ன்னே பேரு. எல்லார் டீமும் ஒரே மாதிரி இருந்தா அது 'டெம்ப்ளேட்'. யாருகிட்டயும் இல்லாதவனை நீங்க மட்டும் வெச்சிருந்தா 'டிஃபரென்ஷியல்', அவன் அடிச்சா வர்ற போதைக்கு அளவே இல்ல.

இதுல ரசிகனோட உணர்ச்சி எங்க மாறுதுன்னு பாருங்க. முன்னாடி கோல் விழுந்தா சந்தோஷம் இல்ல வருத்தம், ரெண்டுல ஒண்ணு, அதுவும் யார் ஜெர்ஸின்னு பாத்து. இப்போ கோல் விழுந்தா முதல்ல மனசுல ஒரு கூட்டல் கழித்தல் ஓடுது: என்கிட்ட இருக்கானா, அவன்கிட்ட இருக்கானா, அவன் கேப்டன் போட்டிருப்பானா. ரெண்டு செகண்ட் கழிச்சுதான் உணர்ச்சி வருது. கணக்கு முடிஞ்சப்புறம் வர்ற உணர்ச்சி. பிரீமியர் லீக்லயே இல்லாத ஒரு போட்டி உங்க தம்பிக்கும் உங்களுக்கும் நடக்குது, லிவர்பூல்ல கலக்குன சாலா அதுல ஒரு காய்.

சாலாவைப் பத்திச் சொன்னதால: 2017-18-ல 303 பாயின்ட் எடுத்தப்போ இதுக்கு மேல யாரும் போக முடியாதுன்னு நினைச்சோம், 2024-25-ல அவரே 29 கோல் 18 அசிஸ்ட்டோட 344 எடுத்தார். அந்த சீசன் நடுவுல அவரை வித்துட்டு வேற ஆளு வாங்குனவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு பேர், பேர் சொல்ல மாட்டேன், வீட்டுக்குள்ளயே இருக்காங்க.

ஸ்டாட்ஸ் எல்லாம் தெரிஞ்சிருக்கணுமா?

தேவையில்ல, ஆனா தானா ஒட்டிக்கும். எக்ஸ்ஜின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, ஒரு ஷாட் அந்த இடத்துல இருந்து அந்த மாதிரி அடிச்சா கோல் ஆக எவ்ளோ வாய்ப்புன்னு 0-ல இருந்து 1 வரைக்கும் ஒரு நம்பர். பெனால்டின்னா முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல. பத்து வருஷம் முன்னாடி இது கணக்கு வாத்தியாருங்க பேசுற விஷயம். இப்போ எங்க குரூப்ல ஸ்கூல் போற பையன் 'அண்ணா அவன் நாலு மேட்ச்ல 3 எக்ஸ்ஜி எடுத்து ஒரே கோல்தான் அடிச்சிருக்கான், சீக்கிரம் வெடிப்பான், விக்காதீங்க'ங்கிறான். அவன் சொன்னது பெரும்பாலும் சரியாவே இருக்கு, அதான் எரிச்சல். 2019 டிசம்பர்ல, அப்போ உலக செஸ் சாம்பியனா இருந்த மாக்னஸ் கார்ல்சன், அன்னைக்கு 70 லட்சம் பேருக்கு மேல ஆடிட்டு இருந்த இந்த கேம்ல முதல் இடத்துல இருந்தார், அப்போ இது வெறும் குருட்டு அதிர்ஷ்டம்னு சொல்றவங்க வாயை அடைக்க எனக்கு ஒரு பேரு கிடைச்சுது.

ஆனா ஸ்டாட்ஸ் மட்டும் பாத்து மேட்ச்சே பாக்காம ஆடுறவங்களும் நிறைய. அவங்க ஜெயிக்கவும் செய்யுறாங்க. அதை ஃபுட்பால் ஃபாலோ பண்றதுன்னு நான் ஒத்துக்க மாட்டேன், அது வேற பொழுதுபோக்கு.

மேட்ச் இல்லாத நாள்லகூட ஏன் எல்லாரும் போனையே பாத்துட்டு இருக்காங்க?

டெட்லைன். அந்த வாரத்தோட முதல் மேட்ச் ஆரம்பிக்க 90 நிமிஷம் முன்னாடி டீம் லாக் ஆயிடும், அப்போ பிளேயிங் லெவன் வெளிய வந்திருக்காது. அதனால கோச்சுங்க மேட்ச்சுக்கு முன்னாடி குடுக்குற பிரஸ் மீட் எங்களுக்கு வேதவாக்கு. 'அவர் டிரெயினிங் பண்ணார், பாக்கலாம்'னு ஒரு கோச் சொன்னா அந்த 'பாக்கலாம்'க்கு நாலு அர்த்தம் எடுத்து ரெண்டு மணி நேரம் பேசுவோம். மான்செஸ்டர் சிட்டியில பெப் கார்டியோலா கோச்சா யாரை எப்போ உக்கார வெப்பார்னு யாருக்கும் தெரியாது, அதுக்கு 'பெப் ரௌலட்'னு பேரே இருக்கு. லீக் கப் (பிரீமியர் லீக் இல்லாம தனியா நடக்குற நாக் அவுட் போட்டி) ஃபைனல் நடக்குற வாரம் அந்த ரெண்டு டீமோட லீக் மேட்ச் தள்ளிப் போகும், அதனால லீக் கப் செமி ஃபைனலைக்கூட யாருக்கு மேட்ச் இல்லாம போகும்னு தெரிஞ்சிக்க உக்காந்து பாப்போம், கப் யாருக்குப் போனா எங்களுக்கு என்ன.

இன்டர்நேஷனல் பிரேக்? சும்மா இருக்கலாம்னு பாத்தா அதுவும் இல்ல, ஏதோ ஒரு நாட்டுக்காக ஆடப் போனவன் காயத்தோட திரும்பி வராம இருக்கணுமேன்னு வேண்டுதல்.

அமெரிக்கன் ஃபுட்பால்லயும் இதே கதையா?

நோய் ஒண்ணு, அறிகுறி வேற. அங்க பெரும்பாலும் டிராஃப்ட், அதாவது ஒரு பிளேயர் ஒரு லீக்ல ஒருத்தர்கிட்டதான் இருக்க முடியும், அதனால டெம்ப்ளேட்டுங்கிற பேச்சே கிடையாது, வாரா வாரம் ஒருத்தரோட நேருக்கு நேர் மோதணும். பெரிய ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிட்டு ஓடுறவர்) காயமானா அவருக்கு அடுத்து இருக்கவன் யாருன்னு தெரிஞ்சு முதல்ல ஓடிப்போய் எடுக்குறவன் பிழைச்சான், அதனால அங்க ரசிகனுக்கு மூணாவது வரிசை ஆள் பேர் வரைக்கும் அத்துப்படி. டிவியே அதுக்கு ஏத்த மாதிரி மாறுச்சு: என்.எஃப்.எல் ரெட்ஸோன்னு 2009-ல ஒரு சேனல் வந்தது, எந்த மேட்ச்ல ஸ்கோர் விழப் போகுதோ அங்க தாவிட்டே இருக்கும். ஒரு மேட்ச்சை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாக்குறதுங்கிற பழக்கத்தையே அது ஓரம் கட்டிருச்சுன்னு நான் நினைக்கிறேன்.

எனக்குப் பிடிச்ச கதை அங்கதான் இருக்கு. 2007 டிசம்பர், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிரா 10-6-ல முன்னாடி இருக்காங்க, நேரம் ரொம்பக் கம்மி. பிரையன் வெஸ்ட்புரூக் பந்தோட ஓடுறார், முன்னாடி ஆளே இல்ல, டச்டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டுனா கிடைக்கிற ஸ்கோர்) கைல இருக்கு. 1 கஜம் பாக்கி இருக்கும்போது வேணும்னே கீழ உக்காந்துட்டார். ஏன்னா டச்டவுன் போட்டா பந்து எதிர் டீமுக்குப் போகும், உக்காந்துட்டா கடிகாரம் ஓடி மேட்ச் முடிஞ்சிடும். ஆட்டத்துல அதைவிட புத்திசாலித்தனம் கிடையாது. அவரை ஃபேன்டஸியில வெச்சிருந்தவங்களுக்கு டச்டவுனுக்கான 6 பாயின்ட் கண்ணு முன்னாடி போச்சு, அது ஃபேன்டஸி லீக்கோட பிளே ஆஃப் (நாக் அவுட்) வாரம் வேற. 2009-ல ஜாக்ஸன்வில் ஜாகுவார்ஸோட மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ ஜெட்ஸுக்கு எதிரா அதையே பண்ணார், டீம் 24-22-ன்னு ஜெயிச்சுது, மேட்ச் முடிஞ்சு அவர் ஃபேன்டஸி ஆடுறவங்ககிட்ட மன்னிப்பு கேட்டார். டீமை ஜெயிக்க வெச்ச மனுஷன் மன்னிப்பு கேக்குறார், அவரும் ஃபேன்டஸி ஆடுறவர்தான், அதனால வலி தெரிஞ்சிருக்கு.

இதனால பிளேயர்களுக்கு, கிளப்புக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?

உண்டு. 2021 பிப்ரவரியில ஆஸ்டன் வில்லா லெஸ்டரோட மோதுறதுக்கு முன்னாடி, ஜாக் கிரீலிஷ் காயம்ங்கிற விஷயத்தை கிளப் வெளிய விடவே இல்ல. ஆனா வில்லா பிளேயர்களும் ஸ்டாஃபும் சிலபேரு அவங்க சொந்த ஃபேன்டஸி டீம்ல இருந்து கிரீலிஷை எடுத்துட்டாங்க, அதை யாரோ கவனிச்சு இன்டர்நெட்ல போட்டுட்டாங்க, எதிர் டீமுக்கு ஃப்ரீயா தகவல். கோச் டீன் ஸ்மித் கடுப்பாயிட்டார். எனக்கு அதுல சிரிப்பு வந்தது ஒரு விஷயத்துக்குத்தான்: கூட ஆடுறவன் காயம்னு தெரிஞ்சதும் அவங்களுக்கும் முதல்ல டிரான்ஸ்ஃபர்தான் ஞாபகம் வந்திருக்கு.

சிரிக்க முடியாத பக்கம் வசவு. பிளேயர் காயமானா, பெனால்டி மிஸ் பண்ணா அவரோட பக்கத்துக்கே போய் கெட்ட வார்த்தையில திட்டுறது. 2011-லயே ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் ரன்னிங் பேக் ஏரியன் ஃபாஸ்டர், தன் காயத்தைப் பத்தி அக்கறையா கேட்டவங்களுக்குப் பதில் சொல்லிட்டு, ஃபேன்டஸி டீமுக்காகக் கவலைப்பட்டவங்களை நீங்கெல்லாம் நோய் பிடிச்சவங்கன்னு ட்விட்டர்ல வெளிப்படையா சொன்னார். எங்க லீக்ல ஒரு ரூல் வெச்சிருக்கோம், பிளேயரை டேக் பண்ணித் திட்டுனா லீக்ல இருந்து தூக்கிடுவோம். ஒருத்தரைத் தூக்கியிருக்கோம். டிவியைத் திட்டுங்க, டிவி தாங்கும்.

காசு வெச்சு ஆடலாமா?

நான் ஆடுறதில்ல. சீசன் முழுக்க நண்பர்களோட ஆடுறது ஒண்ணு, தினம் தினம் புது டீம் கட்டி காசு கட்டுறது வேற ஒண்ணு, ரெண்டாவது சூதாட்டத்துக்கு ரொம்பப் பக்கத்து வீடு. 46 பாயின்ட்டுக்கே மனசு அந்தப் பாடு படுது, அதுல காசையும் ஏத்துனா மேட்ச் பாக்கவே முடியாது.

உங்க மினி லீக்ல பாதி பேரு நவம்பர்லயே காணாம போயிடுறாங்களே?

அதுக்குப் பேரு பேய் டீம். காயமாகி மூணு மாசமா ஆடாதவனைக் கேப்டனா வெச்சுட்டு அப்படியே கிடக்கும். ஒரு வருஷம் ஒரு பேய் டீம் என்னைவிட மேல முடிச்சுது. அது எங்க அத்தையோட டீம். பாஸ்வேர்டு மறந்துட்டாங்களாம்.

நீங்க விட்டுப் பாத்ததுண்டா?

ஒரு சீசன் விட்டேன். அந்த டெர்பிக்கு அடுத்த சீசன். முதல் ரெண்டு மாசம் சொர்க்கம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கே திரும்பக் கிடைச்சுது, யுனைடெட் மேட்ச்சை பழைய மாதிரி முழுசா வலிச்சு வலிச்சுப் பாத்தேன் (அந்த சீசன்ல வலிக்கு பஞ்சமே இல்ல). பந்து போற பக்கம் கண்ணு போச்சு. நல்ல பாஸ் ஒண்ணு போட்டா, அதுல இருந்து எதுவும் வரலன்னாலும், அது நல்ல பாஸ்னு தோணுச்சு.

டிசம்பர் வாக்குல கவனிச்சேன், நான் மத்த மேட்ச்செல்லாம் பாக்குறதையே நிறுத்திட்டேன். ஃபுல்ஹாம்ல யார் பெனால்டி எடுக்குறான்னு தெரியல. லீக் டேபிள்ல பாதி கிளப் வெறும் பேரா ஆயிருச்சு. மச்சானும் தம்பியும் ஞாயித்துக்கிழமை பேசுறது எனக்குப் பாதி புரியல, அவங்க பேசிட்டு இருந்தது ஃபுட்பாலே இல்லதான், ஆனா பேசிட்டாவது இருந்தாங்க. ஒரு நாள் யாருக்கும் சம்பந்தமில்லாத ஒரு மேட்ச்ல ஏதோ ஒரு டிஃபெண்டருக்கு 70-வது நிமிஷம் யெல்லோ கார்டு காட்டுனாங்க, என் வாய் தானா 'மைனஸ் ஒண்ணு'ன்னுச்சு. அடுத்த ஆகஸ்ட்ல திரும்பி வந்துட்டேன்.

சரி, இந்த வாரம் கேப்டன் யாரு போடலாம்?

ஆரம்பத்துலயே சொன்னேன்ல, என்கிட்ட கேக்காதீங்கன்னு. ஹாலண்ட் போடுங்க. அடிக்கலன்னா எல்லாருக்கும்தான் அடிக்கல.